நெல் அறைக்குள் டக் டக்

அத்தியாயம் 4

“பயமா இருக்கா?” என்று கேட்டார் மதிவதனி மேடம்.

“எனக்கா? சே!” என்றேன். கிளாஸில் இருக்க வேண்டிய டீ என் சட்டையில் இருந்தது.

மேடத்தின் போனில் ஓடி முடிந்த வீடியோ மொத்தம் இருபத்தெட்டு விநாடி. இருட்டு அறை. ‘டக்... டக்...’ என்று நெருங்கி வரும் செருப்புச் சத்தம். கறுப்புக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் முகம் மெல்ல வெளியே வருகிறது. இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. வெளிச்சம் கீழேயிருந்து அடிப்பதால் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பள்ளம். நிற்கிறாள். தலை குனிகிறாள். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, இடது பக்கம் திரும்புகிறாள். எல்லாச் சத்தமும் ஒரு நொடி செத்துப்போகிறது. அப்புறம் ஒரு ‘தும்ம்ம்’. டீ கொட்டியது அங்கேதான்.

வீடியோவில் வந்த அதே முகம் எங்களுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. பெயர் செவ்வந்தி. பாபநாசம் பக்கத்துப் பெண். ‘கிணற்றடி மருமகள்’ சீரியலில் மூன்று வருஷமாகக் கேமரா உதவியாளர்.

“சத்தியமா ராத்திரியில நான் அந்த ரூமுக்குப் போனதே இல்ல மேடம்,” என்றாள். “ஆனா இந்த வீடியோவைப் பார்த்தா எனக்கே என்மேல சந்தேகமா இருக்கு.”

விஷயம் இதுதான். மாமியாரைக் கிணற்றில் தள்ளியது யார்? எட்டு மாதமாக இந்தக் கேள்வியை வைத்துத்தான் சீரியல் ஓடுகிறது. அதற்கான பதிலை, திருவையாற்றைத் தாண்டி இருக்கிற இந்த மேலச்செங்குடியில், இராஜாங்கம் என்பவரின் பெரிய வீட்டு நெல் அறையில், புதன்கிழமை காலை ரகசியமாகப் படமாக்கினார்கள். படம் இருந்த ஹார்ட் டிஸ்க்கை ஒரு பெட்டியில் பூட்டி, அந்தப் பெட்டியை அதே அறையில் வைத்தார்கள். பெட்டிச் சாவி செவ்வந்தியிடம். வியாழக்கிழமை மாலை ஒரு யூடியூப்காரர் பதிலைப் போட்டு உடைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை, யாருடையது என்று தெரியாத ஒரு எண்ணிலிருந்து யூனிட் ஆட்களின் போனுக்கெல்லாம் இந்த வீடியோ வந்தது. ‘புதன் ராத்திரி நெல் அறையில் யார் என்று பாருங்கள்’ என்று ஒரு வரியோடு.

இன்று சனிக்கிழமை. ஐந்து மணிக்கு பேக்கப். யூனிட் சென்னைக்குக் கிளம்பிவிடும். செவ்வந்தியின் சங்க அட்டைக்கான கடிதத்தில் கேமராமேன் சாரங்கபாணி கையெழுத்துப் போட வேண்டும். போட எடுத்த பேனாவை அவர் திரும்பப் பைக்குள் செருகிக்கொண்டார். அட்டை இல்லையென்றால் சென்னையில் எந்தக் கேமராவையும் அவள் தொட முடியாது.

“மணி என்ன?”

“ஒண்ணரை மேடம். சாப்பாட்டு நேரம்,” என்றேன், ஒரு நம்பிக்கையில்.

மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. போனின் ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு அதே வீடியோவை மறுபடி ஓடவிட்டார். அவர் வீட்டு டிவியும் அப்படித்தான். சீரியல் ஓடும், சத்தம் ஓடாது. துப்பறியும் ஆபீஸ் திறப்பதற்கு முன்னால் கோர்ட்டில் பன்னிரண்டு வருஷம் டைப்பிஸ்ட்டாக இருந்து அடுத்தவர் பொய்களைத் தட்டச்சு செய்தவர். முதலில் கண், அப்புறம்தான் காது என்பார்.

“இப்ப என்ன தெரியுது ஃபாஜில்?”

பார்த்தேன். ஆச்சரியமாக இருந்தது. பேயைக் காணோம். “கல்யாண வீட்டுல பந்திக்கு இடம் தேடுற பொண்ணு மாதிரி இருக்கு.”

“திருட வர்றவ, தன் மூஞ்சி நல்லாத் தெரியட்டும்னு கீழ லைட் வெச்சுக்கிட்டா வருவா? செவ்வந்தி, நீ ஏன் நின்னே? ஏன் குனிஞ்சே?”

செவ்வந்தி எழுந்தாள். கண்ணை மூடிக்கொண்டு டீக்கடை வாசலில் அதே மாதிரி நடந்தாள். நின்றாள். குனிந்தாள். கடைக்காரர் பாய்லரை விட்டு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

“மார்க்!” என்று கத்தினாள். “தரையில டேப் ஒட்டி மார்க் போட்டிருப்போம் மேடம். நடிகை வர லேட்டானா, லைட் சரியா விழுதான்னு பார்க்க அந்த இடத்துல நான் போய் நிப்பேன். சார் ‘இடது பக்கம் திரும்பு’ன்னு சொல்லுவார், திரும்புவேன். இது ராத்திரியே இல்ல. புதன்கிழமை காலையில பத்து மணி. ஜன்னல் பூரா கறுப்புத் துணி கட்டியிருந்தோம்!”

“வெயில்ல செஞ்ச ராத்திரி,” என்றார் மேடம்.

“கேஸ் முடிஞ்சது. பிரியாணி?” என்றேன்.

“இது அவ சொல்ற சொல்லு மட்டும்தான். நட.”

* * *

நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் துப்பறிகிறவர்கள் பனிமூட்டத்தில் கோட்டு காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடப்பார்கள். எங்களுக்கு வாய்த்தது ஜூன் வெயில். வழி நெடுக வாய்க்காலில் புதுத்தண்ணீர். இரண்டு பக்கமும் குறுவை நடவு. வானம் வயலுக்குள் தலைகீழாகக் கிடந்தது, பெண்கள் அதில் நாற்றுகளைக் குத்திக்கொண்டே போனார்கள். நான் கொஞ்சம் கனவில் நடந்ததில் ஒரு கால் சேற்றுக்குள் போனது. நடவு வயல் முழுக்கச் சிரித்தது.

இராஜாங்கம் வீட்டு முற்றத்தில் இயக்குநர் அனுராதா தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, ஆண்கள் போடுகிற பெரிய கைக்கடிகாரம். பக்கத்தில் கேமராமேன் சாரங்கபாணி, பையில் அந்தப் பேனா.

“நல்ல வேலைங்க,” என்று மேடம் வீடியோவைக் காட்டினார். “எங்க ஃபாஜில் டீயைக் கொட்டிட்டான்.”

“கொட்டத்தான் செய்வாங்க,” என்றார் அனுராதா. “பயம் முகத்துல இல்ல மேடம். அதுக்கு முந்தின மூணு விநாடியில இருக்கு. சத்தத்தை உருவிடணும். என்னமோ வரப்போகுதுன்னு பார்க்கிறவங்களே மூச்சைப் பிடிச்சுக்குவாங்க. அப்ப ஒரு அப்பளத்தை நொறுக்கினாக்கூட இடி மாதிரி கேட்கும்.”

“அடியில லைட் வெச்சா எங்க அம்மாகூட கொலைகாரிதான்,” என்றார் சாரங்கபாணி. “வெச்சே பார்த்திருக்கேன்.”

“அப்ப இது நீங்க வெச்ச லைட்தானே?”

சாரங்கபாணி போனை வாங்கி, சத்தமில்லாமல் இரண்டு தடவை பார்த்தார். காதோரம் வியர்த்தது. “ஆமா போலிருக்கு. தொழிலே இதுதான், நானே பயந்துட்டேன் பாருங்க. ஆனா லைட் டெஸ்டை நாங்க பதிவு பண்றதே இல்லையே! சரி, வீடியோ பொய்யின்னே இருக்கட்டும். கதை வெளியே போனது நிஜம்தானே? சாவி அவகிட்டதானே இருந்துச்சு?”

செவ்வந்தி தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“யூடியூப்காரர் என்னதான் சொன்னார்?” என்று மேடம் கேட்டார்.

“மருமகள்தான் தள்ளினா. ‘நான்தான் தள்ளினேன்’னு அவளே ஒத்துக்கிறான்னு வசனத்தோட சொல்றான்,” என்றார் சாரங்கபாணி.

“சரியான பதில்தானா?”

அனுராதாவின் கை தயிர்சாதத்திலேயே நின்றது. இந்தக் கேள்வியை இரண்டு நாளாக யாருமே அவரிடம் கேட்கவில்லை போலிருக்கிறது. சாரங்கபாணியைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார்.

“நான் சீரியல் பார்க்கறதில்லைங்க,” என்றேன். “எங்க உம்மா பார்ப்பாங்க. அவங்ககிட்ட மூச்சு விடமாட்டேன்.”

அனுராதா குரலைத் தாழ்த்தினார். “அவ ‘நான்தான் தள்ளினேன்’னு சொல்றது நிஜம். ஆனா அதைச் சொல்லும்போதே கேமரா அவ முகத்தை விட்டு இறங்கி, வாசப்படிக்குப் போகுது. அங்க அவ புருஷனோட செருப்பு. சொட்டச் சொட்ட ஈரம். தள்ளினது அவன். இவ பழியை ஏத்துக்கிறா. இதுக்கு ஒரு வார்த்தை வசனம் கிடையாது. வெறும் செருப்பு.”

மேடம் சிரித்தார். எனக்குத் தெரியும், அந்தச் சிரிப்புக்குப் பிறகு பிரியாணி கிடையாது.

“டிஸ்க்கைப் பார்த்தவன் செருப்பையும் பார்த்திருப்பான். யூடியூப்காரனுக்குக் கதை சொன்னவன் எதையும் பார்க்கல. காதால கேட்டிருக்கான், அவ்வளவுதான். உங்க பெட்டியை யாரும் திறக்கவே இல்ல.”

தூணுக்குப் பின்னால் மூக்குச் சிந்தும் சத்தம் நின்றது.

“படம் பிடிக்கிறப்ப நாங்க அஞ்சு பேர்தான் இருந்தோம், கதவைச் சாத்திட்டு,” என்றார் அனுராதா. “எப்படிக் காதுல விழும்?”

“அந்த ரூமைப் பார்க்கலாமா?”

* * *

நெல் அறை வாசலில் வைத்து என் காலர் பின்னாலிருந்து இழுக்கப்பட்டது.

“தம்பி! செருப்பு!”

வீட்டுக்காரர் இராஜாங்கம். அறுபது வயது, தோளில் துண்டு, கையில் கொத்துச் சாவி. அவருடைய அப்பா இந்த வீட்டுக் கொல்லை வழியாக நெல் மூட்டை சுமந்தவராம். மகன் வீட்டையே வாங்கி, முன்வாசல் வழியாகச் சுமக்கிறார். உள்ளே விதைநெல் மூட்டைகள், அளந்து போட்ட நெல் ஒரு குவியல், தரையெல்லாம் பதர்.

“நெல்லு கிடக்கிற இடத்துல செருப்புக் காலா? கலெக்டர் வந்தாலும் கழட்டிட்டுத்தான். இந்த அம்மாவே மொத நாள் கழட்டிட்டுத்தான் வந்துச்சு.”

“அங்கதான் எனக்கு அந்த ஈரச் செருப்பே தோணுச்சு,” என்றார் அனுராதா. “வாசல்ல வரிசையா கிடந்ததைப் பார்த்து.”

நான் செருப்பைக் கழற்றினேன். சேறு காய்ந்த கால் ஒன்று, வெள்ளைக் கால் ஒன்று. உள்ளே வைத்தேன். ‘சரக்’. இன்னொரு அடி. ‘சரக்’.

மேடம் வாசப்படியிலேயே நின்றிருந்தார். போனில் ஒலியை முழுக்க ஏற்றி வீடியோவை ஓடவிட்டார்.

டக். டக். டக்.

இராஜாங்கத்தின் முகம் சிவந்தது. “யாரு அது என் நெல்லு மேல செருப்போட?”

“யாருமே இல்லைங்க,” என்றார் மேடம். “இந்த நடை இங்க நடந்ததே இல்ல. படத்துல காலை வெட்டிட்டு, வேற எங்கேயோ இருந்த செருப்புச் சத்தத்தை ஒட்டியிருக்காங்க. இங்க செருப்பைக் கழட்டணும்னு தெரியாத ஆள் செஞ்சது. ஐயா, ஒண்ணு சொல்லுங்க. யூனிட்ல இந்த வாசல்ல செருப்பைக் கழட்டாத ஆள் யாராவது உண்டா?”

“அத்தனை பேரும் கழட்டியிருக்காங்க.” இராஜாங்கம் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி யோசித்தார். “மாட்டுக் கொட்டகையில ஒரு தம்பி காதுல சட்டியக் கவுத்துக்கிட்டு உக்காந்திருக்குமே, அது மட்டும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்ல. என் மாடு கத்துதுன்னு மாட்டைத் தோப்புக்கு அனுப்பிட்டு, அது இடத்துல உக்காந்திருக்கு.”

யூனிட்டில் சத்தப்பதிவைப் பார்த்துக்கொள்கிற பரிதி. ஹெட்போனைச் சொல்கிறார்.

* * *

மாட்டுக் கொட்டகையில் மாட்டின் வாசனையும் பெர்ஃப்யூம் வாசனையும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பரிதிக்கு முப்பது வயது இருக்கும். மேஜையில் லேப்டாப், மிக்ஸர், பின்னிப் பிணைந்த ஒயர்கள். வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்கக் கதவைச் சாத்தி, சுவர் பூரா கம்பளி தொங்கவிட்டிருந்தார்.

“படமும் உங்களுக்கு வருமா?” என்று மேடம் அப்பாவியாகக் கேட்டார்.

“கேமராவிலேர்ந்து ஒரு ஒயர் இங்கேயும் வரும் மேடம். உதட்டசைவைப் பார்க்கணும்ல.”

“டெஸ்ட் பண்றப்பவும் வருமா?”

“வரும்...” என்றவர், சொல்லியிருக்க வேண்டாம் என்பது போல நிறுத்தினார்.

மேடம் மேஜையில் கிடந்த ஒரு காலர் மைக்கை எடுத்து விரலில் உருட்டினார். சேலைக்குள் குத்திக்கொள்கிற, பல்லிக்குட்டி அளவு மைக். கூடவே, குரலை ஒயர் இல்லாமல் அனுப்புகிற தீப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி. அதன் முதுகில் கிளிப்பச்சையில் ஒரு பெயின்ட் பொட்டு.

“அழகா இருக்கே,” என்றார். அப்புறம் தன் போனில் ஏதோ தட்டினார். என் பையில் ‘டிங்’.

‘அடுத்த தெருவில் தென்னை மரத்தில் கூம்பு ஸ்பீக்கர். கிளிப்பச்சைப் பொட்டு. வரும்போது பார்த்தேன். சொந்தக்காரரைப் பிடித்து ஆம்ப்ளிஃபயரைப் போடச் சொல். போகிற வழியில் அனுராதாவையும் சாரங்கபாணியையும் முற்றத்திலேயே இருக்கச் சொல்.’

வரும்போது நான் வானத்தை வயலில் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் தென்னை மரத்தைப் பார்த்திருக்கிறார்.

* * *

வைரக்கண்ணு சவுண்ட் சர்வீஸ் என்பது ஒரு ஓட்டுக் கொட்டகை. நாற்காலி, ஜமுக்காளம், ஒயர், டியூப்லைட், எல்லாவற்றிலும் கிளிப்பச்சைப் பொட்டு. வாடகைக்குப் போகிற சாமான் வேறு வீட்டு சாமானோடு கலந்துவிடாமல் இருக்க, ஆளுக்கொரு வண்ணம். நாளை மாரியம்மன் கோயிலில் காப்புக்கட்டு என்பதால் ஸ்பீக்கரை மரத்திலேயே விட்டு வைத்திருந்தார்.

“அண்ணே, ஒரு நிமிஷம் ஆம்ப்ளிஃபயரைப் போடுங்களேன்.”

“எதுக்குப்பா? பாட்டு போடணுமா?”

“என்ன வரும்னு எனக்கே தெரியாதுண்ணே.”

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே சுவிட்சைத் தட்டினார். கர்ர்ர். தென்னை மரத்தின் உச்சியிலிருந்து, நாலு வயல் கேட்கிற மாதிரி, மேடத்தின் குரல் இறங்கியது.

“...யார்கிட்டயும் சொல்லமாட்டேன் தம்பி. இங்க நானும் நீங்களும்தானே இருக்கோம்.”

வைரக்கண்ணுவுக்கு வாய் பிளந்தது. எனக்கும்தான்.

“மேடம், நமக்குள்ளேயே இருக்கட்டும்,” என்றது பரிதியின் குரல், தென்னை மரத்திலிருந்து. “செவ்வாய்க்கிழமை யூனிட் மைக் கிணத்துல விழுந்திடுச்சு. சொன்னா அனுராதா மேடம் தோலை உரிச்சிடுவாங்க. இங்க வைரக்கண்ணுகிட்ட ஒரு மைக் இரவல் வாங்கினேன். அவர்கிட்ட ஜோடி ஜோடியா இருக்கு, எல்லாம் ஒரே சேனல். புதன்கிழமை பக்கத்துத் தெருவுல காதுகுத்துன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

வைரக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார். “அதானா! காதுகுத்து நடந்துக்கிட்டு இருக்கு, திடீர்னு ஒரு பொம்பள ‘நான்தான் தள்ளினேன்’னு கத்துது. அழுதுக்கிட்டு இருந்த புள்ள கப்புனு நிறுத்திடுச்சு. தாய்மாமன் ‘ரேடியோ நாடகம்’னாரு. நான் அன்னிக்கு சாயங்காலமே அந்தத் தம்பிகிட்ட சொன்னேனே!”

“வைரக்கண்ணு சொன்னதும் கை கால் ஓடல,” என்று ஸ்பீக்கர் தொடர்ந்தது. “காதுகுத்துக்கு வந்த யாரோ சொல்லி மறுநாள் யூடியூப்ல வந்திடுச்சு. பழி என்மேல வர்றதுக்கு முன்னாடி வேற யார்மேலயாவது போகட்டும்னுதான்... சாவி அவகிட்ட இருந்துச்சு. லைட் டெஸ்ட் படம் என் லேப்டாப்ல இருந்துச்சு. கொஞ்சம் இருட்டாக்கி, சத்தம் சேர்த்தேன். நாலு நாள்ல மறந்திடுவாங்கன்னு நினைச்சேன்.”

“அந்தப் பொண்ணு மூணு வருஷம் உழைச்சிருக்கா.”

“தெரியும் மேடம்.” அப்புறம், அடக்க முடியாமல்: “ஆனா சவுண்ட் நல்லா இருந்துச்சில்ல?”

“செருப்புதான் கொஞ்சம் அதிகம்.”

நடவு வயலில் பெண்கள் நிமிர்ந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி நாற்று முடியை இடுப்பில் வைத்துக்கொண்டு கத்தினாள்: “யாரு பெத்த புள்ளைடா அது, ஒரு பொம்பளப்புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டது?”

அதற்குள் ஸ்பீக்கரில் தடதடவென்று காலடி. கொட்டகைக் கதவு மோதும் ஓசை. எந்த இசையும் இல்லை, எந்தத் ‘தும்ம்ம்’மும் இல்லை. ஆனாலும் என் முதுகு சில்லிட்டது.

“பரிதி,” என்றது அனுராதாவின் குரல். தாழ்ந்த, அமைதியான குரல். “முற்றம் வரைக்கும் கேட்டுச்சு. ஊர் முழுக்கக் கேட்டுச்சு.”

சரியாக மூன்று விநாடி. நான் எண்ணினேன்.

“மேடம்... அந்த மைக்... ஆன்ல இருக்கா?” என்று பரிதி கேட்டார்.

வயல் வெடித்துச் சிரித்தது. வைரக்கண்ணு நாற்காலியோடு சாய்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததையும் மரத்திலிருந்துதான் கேட்டேன். பரிதி மன்னிப்புக் கேட்டார். யூனிட்டில் எல்லோருக்கும் நிஜத்தை எழுதி அனுப்பச் சொன்னார் அனுராதா. ‘இப்பவே, என் கண்ணு முன்னாடி’ என்றார். வெளியே போன கதையைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கக் கூடாதாம். “ஊரே மருமகதான்னு நம்பட்டும். வர்ற வெள்ளிக்கிழமை எபிசோட்ல அந்தச் செருப்பைக் காட்டுவேன்...” என்று சொல்லிவிட்டு, “ஐயோ, இன்னும் ஆன்லதான் இருக்கா?” என்றார்.

வயலிலிருந்து ஒரு குரல்: “எந்தச் செருப்புடி?”

பிறகு காகிதம் சரசரத்தது. பேனா மூடி கழலும் சின்ன ‘டக்’. எழுதுகிற முனையின் கீறல்கூடக் கேட்டது. நல்ல மைக்.

“இந்தாம்மா,” என்றார் சாரங்கபாணி. “கோவிச்சுக்காத. முதல் தடவையே சத்தத்தை அணைச்சுப் பார்த்திருக்கணும்.”

“சார்... தேதி போடல சார்,” என்றாள் செவ்வந்தி. அழுகையும் சிரிப்புமாக அவள் குரல் வாய்க்காலைத் தாண்டிப் போனது. வயலில் யாரோ குலவையிட்டார்கள். நான் சேற்றுக் காலோடு தென்னை மரத்தடியில் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

வைரக்கண்ணு சுவிட்சை நோக்கிக் கை நீட்டினார். ஸ்பீக்கரில் இப்போது நடக்கிற ஓசை, மேடத்தின் குரல். மைக்கைத் திருப்பிக் கொடுக்க இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருக்கிறார்.

“...எனக்கு எதுக்கும்மா நன்றி? ஓடினது பூரா ஃபாஜில்தான். அவன் இல்லேன்னா இந்த ஆபீஸை எப்பவோ பூட்டியிருப்பேன். அவன்கிட்ட சொல்லிடாதே.”

நான் வைரக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டேன். “அணைக்காதீங்கண்ணே. இன்னும் கொஞ்ச நேரம்.”

“ஆனா பயந்தாங்கொள்ளி,” என்றது தென்னை மரம். “உன் வீடியோவைப் பார்த்து டீயைக் கொட்டினானே, அது அவன் பார்த்த மூணாவது தடவை. காலையில நான் அனுப்பினதை வீட்டுல ரெண்டு தடவை பார்த்துட்டு, அவங்க உம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டானாம். அவங்களே போன் பண்ணிச் சொன்னாங்க.”

நாலு வயலும் என் பக்கம் திரும்பின.

“இப்ப அணைங்கண்ணே,” என்றேன்.